அடலேறு உடைக்காத மரக்கதவு

முப்பத்தெட்டு வருடம் நான் பார்த்த வேலைக்கு எங்கள் வேலூர் அலுவலகப் பதிவேட்டில் 'சரிபார்ப்பவர்' என்று பெயர். நான் சரிபார்த்தது எழுத்துப் பிழையை அல்ல. அதற்கு வேறு ஒருவர் இருந்தார். எங்கள் மாத இதழின் சித்திரக்கதை நாயகன் அடலேறு, போன மாதம் எவ்வளவு பலசாலியாக இருந்தானோ இந்த மாதமும் அவ்வளவு பலசாலியாக இருக்கிறானா என்று பார்ப்பதுதான் என் வேலை.

போன வருடம் ஓய்வு பெற்றேன். மகள் ஜமுனாமரத்தூரில் நர்ஸாக இருக்கிறாள். இப்போது மலையில் அவளோடுதான் இருக்கிறேன். அவளோடு வேலை செய்யும் பெண்கள் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தபோது என் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இல்லாத ஒருத்தனோட பலத்தை அளக்கறதுக்கு ஒரு ஆளா ஆன்ட்டி?"

"ஆமாம்மா. இருக்கிறவனா இருந்தா அவனே தூக்கிக் காட்டிடுவான். இல்லாதவனுக்குத்தான் ஆள் வேணும்" என்றேன். இதை நான் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை. இன்றைக்கும் கூச்சம் இல்லை.

சென்ற மாதம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அடலேறு கதைகள் இப்போது செல்போனில் வருகின்றன. நாயகனின் பலத்தைக் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்கிறார்களாம். அதற்கு என் நோட்டுகள் வேண்டுமாம். நோட்டுகளைத் தாராளமாகத் தருகிறேன் என்றேன். ஆனால் நோட்டில் ஒரு கட்டம் எதற்காக இருக்கிறது என்பது நோட்டைப் படித்தால் மட்டும் விளங்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கணியம்பாடிக்காரி. பள்ளிப் படிப்பு முடித்த கையோடு, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக அந்த இதழில் சேர்த்துக்கொண்டார்கள். படங்களில் பாத்திரங்களின் வாயருகே வரும் பலூன்களுக்குள் வசனம் எழுதும் வேலை. இரண்டு வருடம் எழுதினேன். ஒருநாள் எழுதிக்கொண்டிருந்த பக்கத்தை ஆசிரியர் சபாபதி சார் மேஜையில் கொண்டுபோய் வைத்து, "சார், தீபாவளி இதழ்ல இவன் ஒரு பஸ்ஸைத் தலைக்கு மேல தூக்கினான். இதுல ஒரு பீரோவைத் தள்ள முடியாம மூச்சு வாங்கறான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார். அடுத்த திங்கட்கிழமை என் மேஜை வேறு அறைக்கு மாறியது. பயிற்சி என்று எனக்கு நடந்தது அவ்வளவுதான்.

சபாபதி சார் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரையும் பாராட்டியும் கேட்டதில்லை. தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. அதில் டிபன் டப்பாவும் மடித்த துண்டும் இருக்கும். எந்தப் பக்கத்தைக் காட்டினாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்.

"எத்தனை கிலோ?"

பாறையை எறிந்தால் எத்தனை கிலோ. மரத்தைப் பிடுங்கினால் எத்தனை கிலோ. தெரியாது என்று சொன்னால் கோபப்பட மாட்டார். "விசாரிச்சிட்டு வாங்கம்மா" என்பார். நானும் விசாரித்துக்கொண்டு வருவேன். ஒரு கதையில் அடலேறு புளி ஏற்றிய லாரியை ஒற்றைக் கையால் நிறுத்துவான். போளூரில் புளி மண்டிக்குப் போய் ஒரு மூட்டை என்ன எடை, ஒரு லாரியில் எத்தனை மூட்டை ஏறும் என்று எழுதிக்கொண்டேன். பிறகு லாரிகளை எடை போடும் மேடைக்குப் போய் வெறும் லாரியின் எடையைக் கேட்டேன்.

"எந்த லாரிம்மா? நம்பர் இன்னா?" என்றார் அங்கிருந்தவர்.

"நம்பர் இல்லைங்க. படத்துல வரையப்போற லாரி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்காமல், பொறுமையாக, மூன்று வகை லாரிக்கும் எடை சொன்னார். அந்த மாத இதழை அவருக்குத் தபாலில் அனுப்பிவைத்தேன்.

என் நோட்டில் பக்கத்துக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் அடலேறு என்ன செய்தான். இரண்டாவதில் அதன் எடை அல்லது வேகம். மூன்றாவதில் அதற்குப் பிறகு அவன் எப்படி இருந்தான்: மூச்சு வாங்கினானா, காயமா, நின்றானா, உட்கார்ந்தானா. பென்சிலில் வரைந்த பக்கங்கள் என்னிடம் வந்ததும் மூன்று முறை பார்ப்பேன். முதல் முறை கைகளை மட்டும். இரண்டாம் முறை கையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும். மூன்றாம் முறை முகத்தை. பிறகு பழைய நோட்டுகளை எடுத்து, இதே மாதிரி ஒன்றை அவன் முன்பு செய்திருக்கிறானா என்று தேடுவேன். எல்லாம் பொருந்தினால் பக்கத்தின் வலது கீழ் மூலையில் நீலப் பென்சிலால் 'ரு' என்று போடுவேன். ருக்மணி என்பதன் முதல் எழுத்து. 'ரு' இல்லாத பக்கம் அச்சுக்குப் போகாது.

அடலேறு தோற்கவே கூடாது என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. தோற்காதவனை எத்தனை மாதம் படிக்க முடியும்? அவன் தோற்கலாம். ஆனால் ஏன் தோற்றான் என்பது வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். கதையை நகர்த்துவதற்காக அவன் கையிலிருந்து பலத்தைப் பிடுங்கிவிட்டு, அடுத்த மாதம் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

இதில் எனக்கும் கதாசிரியர் நடேசனுக்கும் ஒருமுறை நேராகவே மோதல் வந்தது. நடேசன் எங்கள் இதழின் முதுகெலும்பு. அவர் கதை எழுதிய மாதங்களில் கடைக்காரர்கள் கூடுதலாகக் கேட்டு வாங்குவார்கள். அந்தக் கதையில் ஒரு தெரு ரவுடி பின்னாலிருந்து இரும்புக் குழாயால் அடிக்க, அடலேறு மயங்கி விழுகிறான். மூன்று மாதத்துக்கு முன்புதான் அவன் ஓடும் கூட்ஸ் ரயிலை மார்பால் நிறுத்தியிருந்தான். நான் 'ரு' போடவில்லை.

"கதை என்ன தராசா மேடம்?" என்று நடேசன் ஆசிரியர் அறையிலேயே சத்தம் போட்டார். "அவனைக் கட்டிப் போட்டாத்தானே அடுத்தது நடக்கும்?"

சபாபதி சார் பக்கத்தைப் பார்த்தபடியே, "எத்தனை கிலோ?" என்றார்.

"எது சார்?"

"அந்தக் குழாய்."

நடேசன் பக்கங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மூன்று நாள் கழித்து வேறு காட்சி வந்தது. ரவுடி ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவரின் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறான். அடலேறு தானாகவே மண்டியிட்டுக் கைகளை நீட்டிக் கட்டச் சொல்கிறான். அந்தப் பக்கத்தைப் பார்த்து எனக்குச் சிலிர்த்துவிட்டது. நடேசன் பெரிய எழுத்தாளர் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். முடியாமல் கட்டுப்படுவதற்கும் முடிந்தும் கட்டுப்படுவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை நான் கற்றுக்கொண்டதும் அன்றைக்குத்தான். ஆனால் அதைச் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

அது தெரிந்தது எட்டு வருடத்துக்கு முன்னால். நடேசன் மலையை வைத்து ஒரு கதை எழுதியிருந்தார். காட்டுக்குள் ஒரு பழைய ஓய்வு விடுதி. மலைக் கிராமத்துச் சிறுமி ஒருத்தி, பெயர் செவ்வந்தி, உள்ளே மாட்டிக்கொள்கிறாள். விடுதி தீப்பிடிக்கிறது. எதிரிகளை அடித்து வீழ்த்திவிட்டு அடலேறு ஓடி வருகிறான். மரக்கதவைத் தட்டுகிறான், மோதுகிறான், தோளால் இடிக்கிறான். கதவு திறக்கவில்லை. கூரை இடிந்து விழுகிறது. கடைசிப் பக்கம் முழுவதும் ஒரே படம். மழையில் மண்டியிட்டு அடலேறு அழுகிறான்.

எங்கள் ஓவியர் வரைந்ததிலேயே அதுதான் சிறந்த படம். அதைப் பார்த்து நான் அழுதேன். மேஜை முன்னால் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். எதிரிகளோடு ஆறு பக்கம் சண்டை போட்டிருக்கிறான், களைத்திருப்பான், சரிதான் என்று மனதில் சொல்லிக்கொண்டேன். பழைய நோட்டை எடுக்கவில்லை. எல்லாப் பக்கத்திலும் 'ரு' போட்டேன்.

இதழ் வந்ததும் கடிதங்கள் குவிந்தன. அழுதோம், தூக்கம் வரவில்லை, அடலேறுவுக்கு ஆறுதல் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் இதழின் முதலாளி, நடேசனுக்குச் சால்வை போட்டார். அந்தக் கடிதங்களுக்கு நடுவில் ஒரு போஸ்ட் கார்டு இருந்தது. ஜவ்வாது மலையிலிருந்து, ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிறு ஊர். எழுதியவர் பெயர் வெள்ளையன். வரி கோணலாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் அழுத்தித் தெளிவாக இருந்தது.

'ஐயா வணக்கம். நாங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் கூடி உங்கள் புத்தகம் படிக்கிறோம். அடலேறு கையில் என்ன அடி பட்டது? இதற்கு முன்னால் பேங்கு இரும்புக் கதவை ஒரே குத்தில் உடைத்தார். இப்போது மரக்கதவு உடைக்க முடியவில்லை. நடுவில் ஒரு புத்தகம் எங்களுக்கு வராமல் போய்விட்டது போல. கை அடிபட்ட அந்தப் புத்தகத்தை அனுப்பி வைக்கவும்.'

அந்தக் கார்டை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. எழுந்து போய் நோட்டுகளை இறக்கினேன். அவர் சொன்னது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. ஒரு மில் முதலாளியின் மகளை வங்கியின் இரும்பு அறைக்குள் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அடலேறு ஒரே குத்தில் கதவைப் பெயர்த்து எடுப்பான். அதற்கு முன்னால் அவன் எட்டுப் பக்கம் சண்டை போட்டிருந்தான். ஆறு அல்ல, எட்டு. மூன்றாவது கட்டத்தில் என் கையெழுத்தில் 'மூச்சு வாங்கவில்லை' என்று எழுதியிருந்தது.

கையில் அடிபட்ட புத்தகம் என்று ஒன்று கிடையாது.

கார்டையும் நோட்டையும் சபாபதி சார் முன்னால் வைத்தேன். "தப்பு என்னுது சார். நான் அழுதுட்டே போட்டுட்டேன்" என்றேன்.

அவர் இரண்டையும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னன்னு பதில் எழுதறதும்மா இதுக்கு?"

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல. நேர்ல போய்ட்டு வந்துடுவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போளூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு ஒரு பஸ் என்று போனோம். வளைவுகளில் சாருக்கு வாந்தி வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இறங்கி, சாமை அறுத்த கொல்லைகள் வழியாக அரை மணி நேரம் நடந்தோம். வெள்ளையனுக்கு நாற்பது வயதிருக்கும். சாமையும் கொஞ்சம் கேழ்வரகும் பயிர் செய்கிறவர், நான்கு புளியமரம் வைத்திருக்கிறார். நாங்கள் யார் என்று சொன்னதும் அவர் உள்ளே ஓடி ஒரு தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார். பத்து வருட இதழ்கள். மாத வரிசைப்படி, நூலால் கட்டி, அட்டை கிழியாமல்.

"ஒண்ணு கூட வுட்டதில்லீங்க. அந்த ஒண்ணுதான் எப்டியோ தவறிப் போச்சு" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

"தவறலைங்க. அப்படி ஒரு புத்தகமே இல்ல. அவருக்குக் கையில அடி எதுவும் படல" என்றேன்.

வெள்ளையன் புரியாமல் நின்றார். "அப்ப ஏங்க கதவு ஒடையல?"

வாசலில் முறத்தோடு உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கோவிந்தம்மா கையை நிறுத்தினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கணவர் படிக்கக் கேட்பார். ஆனால் ஒவ்வொரு கதையும் அவருக்கு வரிக்கு வரி நினைவிருந்தது என்பது கொஞ்ச நேரத்தில் எங்களுக்குத் தெரிந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன், இந்த மனுசன் கேக்கல" என்றார் அவர். "அது இன்னா புஸ்தகம் தவறிப் போறது. பேங்குல மாட்டிக்கினது ஆரு வூட்டுப் பொண்ணு, மில்லுக்காரர் வூட்டுப் பொண்ணு. வெந்து போனது ஆரு வூட்டுப் புள்ள, எங்க மாதிரி மலைக்காரன் வூட்டுப் புள்ள. கை என்னவோ ஒரே கைதான்."

"ஏய், சும்மா இரு. வந்தவங்ககிட்ட போய்" என்றார் வெள்ளையன் பதறிப்போய்.

"நான் இன்னா திட்டறனா? உள்ளதைச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு கோவிந்தம்மா மறுபடி புடைக்க ஆரம்பித்தார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. எப்போதும் நடப்பதுதானே என்பது போலச் சொன்னார்.

சபாபதி சார் எழுந்து நின்றார். துணிப்பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். "நீங்க சொல்றது சரிம்மா. தப்பு எங்க மேல. எனக்கு ரெண்டு மாசம் டைம் குடுங்க" என்றார்.

களி சாப்பிடாமல் விட மாட்டேன் என்றார்கள். சாப்பிட்டோம். திரும்பும்போது போளூரில் சார் வேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னார்.

"உங்க நோட்டு எல்லாத்துலயும் நாலாவதா ஒரு கட்டம் போடுங்கம்மா. முதல் நோட்டுலேர்ந்து."

"என்ன எழுதணும் சார் அதுல?"

"யாருக்காகன்னு எழுதுங்க."

மூன்று வாரம் அந்த வேலை நடந்தது. அத்தனை நோட்டிலும் ஓரத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். ஒவ்வொரு கதையாகப் பழைய இதழை எடுத்துப் பார்த்து, அடலேறு யாரைக் காப்பாற்றப் போனான் என்று எழுதினேன். கலெக்டரின் தாய். டாக்டரின் மகன். பாட்டுப் போட்டியில் ஜெயித்த பெண். இவர்களுக்காக அவன் போனபோது அவன் கை ஒருமுறைகூடத் தளரவில்லை. சுரங்கம் இடிந்தபோது உள்ளே இருந்தவர்கள் என்று மட்டும் கதையில் வரும், பெயர் கிடையாது. அங்கே அவனுக்கு மூச்சு வாங்கியது. செங்கல் சூளைக்காரர்கள், குடிசைவாசிகள், மீன் விற்கிற பெண். அங்கேயெல்லாம் தாமதமாக வந்தான், அல்லது சங்கிலி அறுபடவில்லை, அல்லது பாறை நகரவில்லை. எல்லாக் கதையும் அப்படி என்று சொல்ல மாட்டேன். விதிவிலக்குகள் இருந்தன, அவற்றையும் எழுதினேன். ஆனால் கோடு போட்டு வரிசையாக எழுதி முடித்தபோது யாரும் மறுக்க முடியாதபடி அது அங்கே நின்றது. ஒருவர் எழுதியதல்ல, நான்கைந்து எழுத்தாளர்கள் எழுதியது. யாரும் வேண்டுமென்று செய்ததும் அல்ல. எல்லாப் பக்கத்திலும் மூலையில் என் 'ரு' இருந்தது. கிலோவைப் பார்த்த நான் ஆளைப் பார்க்கவில்லை.

கூட்டம் கூட்டினார் சார். முதலாளி, நடேசன், ஓவியர், நான். என் வாழ்க்கையில் நான் எழுந்து நின்று பேசிய முதல் கூட்டம். நோட்டை விரித்து வைத்துப் படித்தேன். பாதியிலேயே நடேசனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அப்போ நான் ஏழைங்களுக்கு எதிரின்னு சொல்றீங்க. ஜனங்களை அழ வைக்க ஒரு சாவு வேணும் மேடம். அது உங்களுக்குப் புரியாது."

"சாவு வேணாம்னு நான் சொல்லலைங்க. அழுதவங்கள்ல நானும் ஒருத்தி. அந்தக் கதவை உடைக்கிற பலம் அவன்கிட்ட இருந்தது. இருந்தும் உடைக்கலைன்னா அவனுக்கு அந்தப் பிள்ளை முக்கியமில்லைன்னு ஆயிடுது. நீங்க எழுதாத கதையை அவங்க படிச்சிருக்காங்க."

நடேசன் கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதலாளி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். ஓவியர் எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார். நடேசன் ஓரிடத்தில் நிறுத்தி விரலை வைத்தார். விரல் வைத்த இடத்தில் நெசவாளர் குடும்பம் ஒன்று, வெள்ளம், அடலேறு தாமதம் என்று இருந்தது.

"இது எங்க தெரு" என்றார். அவர் குடியாத்தத்தில் தறி வீட்டில் பிறந்தவர். "எங்க வீட்டைப் பார்த்துத்தான் இதை எழுதினேன். எங்க வீட்டுக்கே அவனை லேட்டாத்தான் அனுப்பியிருக்கேன்."

டீ வந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டு நடேசன் சொன்னார்: "கடைசிப் பன்னிரண்டு பக்கத்தையும் திருப்பி எழுதறேன் சார்."

முதலாளிக்குச் சம்மதமில்லை. வந்துபோன கதையை யாராவது திருத்தி அச்சடிப்பார்களா, ஊர் சிரிக்கும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எல்லோரும் பாராட்டிய ஒரு கதை அது. வேண்டுமானால் 'எதிரி அடலேறுவின் கையில் விஷ ஊசி போட்டிருந்தான்' என்று அடுத்த மாதம் ஒரு வரி சேர்த்துவிடலாமே என்றார். பத்திரிகை உலகத்தில் எல்லோரும் செய்கிற காரியம்தான் அது.

"போடலாம்" என்றார் சபாபதி சார். "ஆனா அந்தம்மா நம்ப மாட்டாங்க. நானும் நம்ப மாட்டேன். அப்புறம் ஆசிரியர்னு வேற பேரைப் போட்டுக்குங்க." வழக்கமான அதே குரலில்தான் சொன்னார். முதலாளி செய்யுங்கள் என்பது போலக் கையை அசைத்தார்.

இரண்டு மாதம் கழித்து வந்த இதழின் நடுவில் பன்னிரண்டு பக்கம் தனியாக வைத்துத் தைத்திருந்தது. முதல் பக்கத்தில் ஒரு அறிவிப்பு. 'மரக்கதவை உடைக்கும் பலம் அடலேறுவுக்கு இருந்தது. அவன் உடைக்காமல் போனது கதையின் தேவைக்காக அல்ல, எங்கள் கவனக்குறைவால். ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். அந்தப் பக்கங்களைச் சரிசெய்து தருகிறோம்.' கீழே ஆசிரியர் பெயர், கதாசிரியர் பெயர். அதற்குக் கீழே 'சரிபார்த்தவர்: கே. ருக்மணி'. என் பெயரைப் போடச் சொல்லி நான்தான் கேட்டேன். அந்த இதழில் அத்தனை வருடம் உழைத்து என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது ஒரு தவறை ஒப்புக்கொண்ட அறிவிப்பில். அதைக் கத்தரித்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன். விருந்தாளிகளுக்குக் காட்டுவேன்.

ஊர் சிரித்ததா என்றால், சிலர் சிரித்தார்கள். செத்தவளை எழுப்பிவிட்டீர்களே என்று கேலிக் கடிதங்கள் வந்தன. அவற்றையும் அடுத்த இதழில் போட்டார் சார்.

திருத்திய பக்கங்களை நானே எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். இந்த முறை தனியாக. வெள்ளையன் வீட்டு வாசலில் பத்துப் பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். அவர் நின்றுகொண்டே உரக்கப் படித்தார். அடலேறு ஓடி வருகிறான். ஒரு குத்து, கதவு பிளக்கிறது. புகைக்குள் நுழைகிறான். செவ்வந்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். நடேசன் ஒன்று செய்திருந்தார். பழைய கதையில் செவ்வந்திக்கு வசனமே கிடையாது. இதில் அவள், "உள்ள என் ஆட்டுக்குட்டி இருக்குது" என்கிறாள். அடலேறு திரும்பவும் உள்ளே போகிறான். அந்த இடத்தில் கூட்டத்தில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

கோவிந்தம்மா சிரிக்கவில்லை. கடைசிப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அந்தக் கதவு இன்னா மரம்?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியலைங்க. நாங்க அதை எழுதல."

"காட்டுக்குள்ள பங்களா கட்டினவன் வேங்கையிலதான் கதவு போட்டிருப்பான். வேங்கைப் பலகைய கையால குத்திப் பொளந்தா சும்மா போவுமா. விரல் முட்டி கிழிஞ்சு தொங்காது? இதுல பாரு, கை வழவழன்னு கீது. இரும்புன்னா பெயர்ந்து வந்துடும். மரம் செராயாப் பூந்துடும்."

"அவர் பலசாலிங்க" என்றேன்.

"பலசாலின்னா வலி இருக்காதா? எங்க வூட்டுக்காரரும் பலசாலிதான். எங்க புள்ளைக்காவ கைய கிழிச்சிக்கினா அதைப் படத்துல போடுங்க. நாங்க பாக்கணும்ல."

அலுவலகத்துக்கு வந்ததும் வேங்கை மரத்தின் கடினம் பற்றி விசாரித்தேன். அந்த அம்மாள் சொன்னது சரி. நோட்டை எடுத்து மூன்றாவது கட்டத்தில் 'வலது கை முட்டி கிழிந்தது, சிராய் ஏறியிருக்கிறது, ஆற நான்கு மாதம்' என்று எழுதினேன். நான்காவது கட்டத்தில் 'செவ்வந்திக்காக, ஆட்டுக்குட்டிக்காக' என்று எழுதினேன். சபாபதி சார் படித்துப் பார்த்துவிட்டு, முதல்முறையாகக் கிலோ கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நான்கு இதழிலும் அடலேறு வலது கையில் கட்டோடு வந்தான். முதல் இதழின் முதல் படத்திலேயே, கதவை உடைத்ததில் ஏறிய சிராயைப் பிடுங்கிக் கட்டுப் போடுவதைக் காட்டினோம். இடது கையால் சாப்பிட்டான், இடது கையால் சண்டை போட்டான். மூன்றாவது மாதம் அவனுடைய பரம எதிரி நீலப்புகையோடு பெரிய மோதல். இடது கை மட்டும் போதவில்லை. அடலேறு தோற்றுத் தரையில் விழுந்தான். அப்படி முழுசாகத் தோற்றது அதுதான் முதல்முறை. எல்லாப் பக்கத்திலும் நிதானமாக, தெளிந்த கண்ணோடு 'ரு' போட்டேன்.

அந்த மாதம் வந்த கடிதங்களை நானே உட்கார்ந்து பிரித்தேன். கை எப்போது ஆறும் என்று கேட்டிருந்தார்கள். மஞ்சள் பற்றுப் போடச் சொல்லியிருந்தார்கள். செவ்வந்தி அவனை வந்து பார்த்தாளா என்று விசாரித்திருந்தார்கள். ஏன் தோற்றான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.